பிளாக் மெட்டல் வரிகளில் வரும் காடு யாருடைய காடு?

வடகாற்று எழுதியது:

பிளாக் மெட்டல் என்ற, கத்தலும் இரைச்சலுமான ராக் இசைவகையைச் சொன்னதும் இங்கே இரண்டே பல்லவிகள்தான். 1990களில் நார்வே இசைக்காரர்கள் சிலர் தேவாலயத்தைக் கொளுத்தினார்கள், கொலை செய்தார்கள், சாத்தான் என்பது ஒன்று. 'அவர்கள் இயற்கையின் காதலர்கள், பனியும் காடும் அவர்களுக்கு உயிர்' என்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றி எழுதித் தீர்த்தாகிவிட்டது. எனக்கு எரிச்சலூட்டுவது இரண்டாவது.

இம்மார்ட்டல் குழுவை எடுத்துக்கொள்வோம். நார்வேயின் பெர்கன் நகரத்துக்காரர்கள். 1995இல் வந்த 'பேட்டில்ஸ் இன் தி நார்த்', 1999இல் வந்த 'அட் தி ஹார்ட் ஆஃப் விண்டர்' என்று எதைத் திறந்தாலும் உறைபனி, புயல், வெயில் படாத பள்ளத்தாக்கு, காகம். இவையெல்லாம் இருக்கும் நாட்டுக்கு 'பிளாஷிர்க்' என்று அவர்களே பெயர் சூட்டினார்கள். வரிகளை எழுதியவர் டெமோனாஸ். 1997இல் கையில் தசைநார் அழற்சி வந்து கிட்டாரைத் தொட முடியாமல் போன பிறகும் வரிகளை மட்டும் தொடர்ந்து எழுதிக்கொடுத்தார். அந்தக் கற்பனை நாட்டின் மீது மனிதருக்கு அவ்வளவு பிடிப்பு.

பெர்கன் கடலோர ஊர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடம். ஜனவரியில்கூட சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்று மேலேதான். விழுகிற பனியை அடுத்த மழை கரைத்துக்கொண்டு போய்விடும். அதே ஊரைச் சேர்ந்த டோகே குழு 2002இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயருக்கு 'பியோர்க்வின் மீது வானுலகம் அழுகிறது' என்று பொருள். பியோர்க்வின் என்பது பெர்கனின் பழைய பெயர். டோகே எழுதியது ஜன்னலுக்கு வெளியே பெய்த மழையை. இம்மார்ட்டல் எழுதிய பனி அந்த ஜன்னலுக்கு வெளியே இருந்ததே இல்லை.

ஆகவே அது மனத்துக்குள் இருக்கும் ஓர் இடம் என்கிறேன். அங்கே ஊர் கிடையாது, விளைச்சல் கிடையாது, வசந்தம் வருவதும் கிடையாது. நிற்கிறவன் எதையும் நேசிக்கவில்லை. குளிர்கிறது என்பதுதான் அவன் பெருமை. காட்டை நேசிக்கிறவனுக்கு மரங்களின் பெயராவது தெரிந்திருக்க வேண்டாமா? நார்வே பிளாக் மெட்டல் வரிகளில் உயிரினங்களைத் தேடுங்கள். காகம், ஓநாய், பைன் மரம். அத்தோடு சரி.

மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மணல்மேடு எழுதியது:

மறுப்பதற்கு முன் ஒரு சந்தேகம் ஐயா. காதில் ஒரு சொல்லாவது விழுகிறதா? தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவதில் கருத்து எங்கே இருக்கிறது? பாடல் வரிகளைப் பற்றிய விவாதம் என்கிறீர்கள், வரிகளே கேட்காத இசையில்!

கருங்காக்கை எழுதியது:

மணல்மேடு, ஆல்பத்தின் உறைக்குள் இருக்கும் சிறு புத்தகத்தில் வரிகளை வாசிப்பவர்கள் உண்டு. ஆனால் உங்கள் கேள்வி நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

பேய்சாஜ் திவேர் என்று சுவிட்சர்லாந்தில் ஒரே ஆள் 1997இலிருந்து நடத்திவரும் குழு ஒன்று இருக்கிறது. பெயருக்கே குளிர்கால நிலக்காட்சி என்றுதான் பொருள். அவர் வெளியிட்டதெல்லாம் ஒரே கதையின் வெவ்வேறு அத்தியாயங்கள். பனிக்காட்டில் ஒரு வழிப்போக்கன் தனியாக நடந்துகொண்டே இருக்கிறான். 2020இல் வந்த 'இம் வால்ட்' மட்டும் இரண்டு மணி நேரம் ஓடும். முதலில் காற்றின் இரைச்சல் வரும். பிறகு கிட்டார் சேரும். எந்த நொடியில் காற்று முடிந்து கிட்டார் தொடங்கியது என்று என்னால் இதுவரை பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. ஒரே தந்தியை அதிவேகமாக மேலும் கீழும் மீட்டும் ட்ரெமலோ வாசிப்பு, இடைவெளியே இல்லாத டிரம்ஸ், வேண்டுமென்றே மங்கலாக்கிய பதிவு. இவற்றின் நடுவே குரல் எங்கோ உள்ளே புதைந்து கிடக்கிறது.

மற்ற இசையில் பாடகரின் குரல் முன்னே நிற்கும், மற்றதெல்லாம் பின்னே. இங்கே மனிதனின் குரலுக்கு அந்தச் சலுகை கிடையாது. புயலுக்குள் ஒருவன் கத்தினால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான் கேட்கும். எனவே சொல் கேட்காமல் போவதும் வரிகளின் பொருளில் சேர்த்திதான்.

வடகாற்று எழுதியது:

கருங்காக்கை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். என் வாதத்துக்கும் அது வலு சேர்க்கிறது. 'நான்' என்பவன் கரைந்துபோவதற்காகத்தான் புயல்.

நிலவறை எழுதியது:

வடகாற்று அவசரப்படுகிறார். உல்வர் என்று ஒரு குழு இருப்பதை மறந்துவிட்டு நார்வேயைப் பற்றித் தீர்ப்பு எழுதலாமா?

1995இல் அவர்களுடைய முதல் ஆல்பம் 'பேர்க்டாட்' வந்தபோது அவர்கள் பதின்வயதைத் தாண்டியும் தாண்டாமலும் இருந்த பையன்கள். ஐந்து அத்தியாயங்களில் ஒரு நாட்டுப்புறக் கதை. பழைய டேனிஷ் சாயல் கொண்ட நார்வே மொழியில் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் பூதங்கள் வாழும் காட்டில் வழிதவறிவிடுகிறாள். குன்றுகளுக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது. இருட்டில் ஏதோ பார்க்கிறது, பிறகு ஒரு குரல் அழைக்கிறது. கடைசி அத்தியாயத்தில் அவளை மலை தன் அறைகளுக்குள் எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் அத்தியாயத்தின் நடுவே கிட்டாரும் டிரம்ஸும் விலகி, காட்டில் ஆள் நடமாடும் ஓசை வரும். காலடியில் ஏதோ நொறுங்கும். ஹெட்போனில் கேட்டால் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

இங்கே காடு மனநிலையா? அதற்குச் சொந்தமாக ஒரு விருப்பம் இருக்கிறது. அதற்கு அவள் வேண்டும். மலைக்குள் மறைந்து வாழும் இனம் மனிதர்களை வசியம் செய்து உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது அந்த நாட்டின் பழைய நம்பிக்கை. அந்தக் கதைகளைச் சொன்னவர்களுக்கு மலை உண்மையிலேயே ஆளை விழுங்கக்கூடியது.

மூன்றாவது ஆல்பம் 1997இல் வந்த 'நாட்டென்ஸ் மாட்ரிகால்'. அதன் துணைத்தலைப்பின் பொருள் 'மனிதனுக்குள் இருக்கும் ஓநாய்க்கு எட்டுத் துதிகள்'. அதாவது இரண்டே ஆண்டுகளில், வெளியே நின்று அழைத்த காடு மனிதனின் தோலுக்குள் நுழைந்துவிட்டது. வடகாற்று சொல்லும் 'உள்ளே' என்பது அவர்கள் வந்து சேர்ந்த இடம். புறப்பட்ட இடமே அதுதான் என்று சொன்னால் ஏற்க மாட்டேன். (அந்த ஆல்பத்தைக் காட்டில் வைத்துப் பதிவு செய்தார்கள் என்று யாராவது எழுத வருவார்கள். அது வெறும் வதந்தி. தயவுசெய்து வேண்டாம்.)

பொருநை எழுதியது:

நிலத்தையும் மனத்தையும் சேர்த்துப் பார்ப்பதற்கு நம்மிடம் திணை என்றே ஒரு கோட்பாடு இருக்கிறதே, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? பாலை என்றால் பிரிவு, நெய்தல் என்றால் இரங்கல். இவர்களுடையதைப் பனித்திணை என்று வைத்துக்கொள்ளலாமே.

கருங்காக்கை எழுதியது:

வைத்துக்கொள்ளலாம், ஆனால் பொருந்தாது. திணை என்பது எல்லாருக்கும் பொதுவான இலக்கணம். குறிஞ்சி நிலத்தைச் சொன்னால் கேட்பவருக்குப் புணர்ச்சி என்று தெரியும். பாட்டுக்குள் தலைவி இருக்கிறாள், தோழி இருக்கிறாள், யாரோ யாரிடமோ பேசுகிறார்கள். பிளாக் மெட்டலில் ஒவ்வொருவனும் தனக்கென்று ஒரு நாட்டைக் கட்டிக்கொண்டு அதில் தனியாக நிற்கிறான். கேட்க ஆளில்லை. தவிர, வடகாற்று மரங்களின் பெயரைக் கேட்டாரே, குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர் வருகிறது. அந்த உலகம் வேறு. இதை இங்கேயே விட்டுவிடுவோம், இல்லையென்றால் இழை முழுக்கத் தொல்காப்பியம் ஆகிவிடும்.

தனிப்பாதை எழுதியது:

வடகாற்று எழுப்பிய கேள்விக்கு இன்னும் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. நார்வே நாடகாசிரியர் இப்சன் 1859இல் எழுதிய நெடுங்கவிதை, மலைமேட்டு வெளிகளைப் பற்றியது. கவிதையில் நடப்பதைச் சொல்கிறேன். பிறகு இது பிளாக் மெட்டலா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஓர் இளைஞன். பள்ளத்தாக்கில் அம்மா, காதலி. திரும்பி வந்து அவளை மணப்பதாக எண்ணிக்கொண்டு மலையேறுகிறான். மேலே ஒரு விசித்திரமான வேட்டைக்காரன் வந்து சேர்கிறான். கண்ணில் ஈரமே இல்லாத மனிதன். இளைஞனுக்கு ஊர் நினைவு வரும்போதெல்லாம் அதைத் தட்டிக்கழிக்கக் கற்றுக்கொடுக்கிறான். கோடை போய், இலையுதிர்காலம் போய், பனி வழியை அடைத்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் இரவில் மேலிருந்து பார்க்கிறான். கீழே தீப்பற்றி எரிகிறது. எரிவது அம்மாவின் வீடு, உள்ளே அம்மா. அவன் கதறும்போது வேட்டைக்காரன் நிதானமாக நிலவொளியும் நெருப்பொளியும் கலக்கும் அழகைச் சுட்டிக்காட்டுகிறான்.

அடுத்த கோடையில் கீழே ஒரு கல்யாண ஊர்வலம் போகிறது. மணப்பெண் அவன் காதலி. இந்த முறை வேட்டைக்காரனுக்கு வேலையே இல்லை. இளைஞன் தானே கையைக் குழல்போல் வளைத்துக் கண்ணருகே வைத்துக்கொள்கிறான், காட்சி சரியான அளவில் தெரிய வேண்டுமாம். ஓவியன் ஓவியத்தைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். தான் இறுகிவிட்டதை உணர்கிறான். மேலே இருப்பதுதான் விடுதலை, கீழே மற்றவர்கள் தடவித் திரிகிறார்கள் என்கிறான். கவிதை முடிந்துவிடுகிறது.

கையைக் குழலாக வளைக்கும் அந்த ஓர் அசைவைத்தான் நார்வேயின் இன்னொரு குழுவான எம்பரரும் இம்மார்ட்டலும் ஆல்பம் ஆல்பமாகச் செய்தார்கள் என்பது என் கருத்து. எம்பரரின் 1994 ஆல்பத்தின் தொடக்கப் பாட்டைப் பாருங்கள். காடும் மலையும் இரவும் விரிகின்றன. ஆனால் பாடுகிறவன் இறங்கிப் போவது தன் எண்ணங்களின் முடிவில்லாத வெளிக்குள். தலைப்பே அதைத்தான் சொல்கிறது. மலை அங்கே தூரத்தைக் கொடுக்கிறது. உணர்ச்சியிலிருந்து தூரம், மனிதர்களிடமிருந்து தூரம். இப்சனுக்கு மட்டும் அதன் விலை என்ன என்று தெரிந்திருந்தது. எரிகிற வீட்டைக் கவிதைக்குள் வைத்துவிட்டார். பிளாக் மெட்டல் இளைஞர்கள் பெரும்பாலும் அந்த வீட்டை வரிகளிலிருந்து நீக்கிவிட்டு மலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மணல்மேடு எழுதியது:

நீக்கிவிட்டு, வெளியே வந்து தேவாலயத்துக்குத் தீ வைத்தார்கள்!

கேள்விக்குறி எழுதியது:

மணல்மேடு கேலியாகச் சொன்னதை நான் கேலியில்லாமல் தொடர்கிறேன். 'மனம்', 'மலை', 'தனிமை' என்று அழகாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் காட்டுக்குள் யாரை அனுமதித்தார்கள், யாரை அனுமதிக்கவில்லை?

பர்சம் என்ற நார்வேக் குழுவின் சில ஆல்பங்களின் உறையில் இருப்பவை கிட்டல்சன் வரைந்த படங்கள். 1914இல் இறந்த ஓவியர். கொள்ளைநோயை, துடைப்பமும் இலைவாரியும் ஏந்தி ஊர் ஊராக வரும் கிழவியாக வரைந்தவர். பூதங்களையும் வரைந்தார், பனிமூடிய பைன் காடுகளையும் வரைந்தார். நார்வே 1905 வரை சுவீடனோடு ஒன்றியத்தில் இருந்த நாடு. தனி நாடு கேட்டவர்களுக்கு 'எங்களுக்கென்று ஒரு பண்பாடு உண்டு' என்று காட்ட மலையும் நாட்டுப்புறக் கதையும் கைகொடுத்தன. கதைகளைத் தொகுத்தவர்களும் வரைந்தவர்களும் அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள். அதில் குற்றம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் காட்டின் மேல் 'இது நம்முடையது' என்ற பெயர்ப்பலகை தொங்குகிறது.

நூறு ஆண்டுகள் கழித்து அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் என்ன செய்தார்கள்? பர்சத்தின் வார்க் விகர்னஸ் 1994இல் கொலைக்கும் தேவாலய எரிப்புக்கும் 21 ஆண்டு தண்டனை பெற்றார். அவருடைய இனவெறி ஒளிவுமறைவானது அல்ல. அதே 1994இல் வந்த, நார்வேக் குழுவான டார்க்த்ரோனின் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்தில் நான்கு பாடல்களின் வரிகள் அவர் எழுதியவை. முதல் பதிப்பின் பின்னட்டையில் 'நார்வே ஆரிய பிளாக் மெட்டல்' என்று அச்சிட்டிருந்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள், டார்க்த்ரோனின் ஃபென்ரிஸ் விலகி நின்று பேசினார், எல்லாம் தெரியும். அச்சிட்டது அச்சிட்டதுதான்.

மனிதர்களே இல்லாத தூய்மையான காடு என்று எழுதும்போது, அந்தத் தூய்மை எந்த மனிதர்களை நீக்கிக் கிடைத்தது என்று கேட்க வேண்டாமா?

மட்டுறுத்துநர்:

கேள்வி விவாதத்துக்கு உட்பட்டதே. ஆனால் 1990களின் வழக்கு விவரங்களை இங்கே மீண்டும் கிளற வேண்டாம். அதற்குப் பழைய இழைகள் உள்ளன. வரிகளோடு நில்லுங்கள்.

வடகாற்று எழுதியது:

கேள்விக்குறி, என் முதல் பதிவிலேயே உங்களுக்குப் பாதி பதில் இருக்கிறது. பிளாஷிர்க் எந்த நாட்டு வரைபடத்திலும் இல்லை. யாரும் அதற்காகக் கொடி பிடிக்க முடியாது. கற்பனைப் பனிக்கு இருக்கும் ஒரே நல்ல குணம் அதுதான். உள்ளே இருக்கும் காட்டைவிட வெளியே இருக்கும் காட்டைத்தான் ஆபத்தானவர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள்.

அடர்வனம் எழுதியது:

வெளியே இருக்கும் காட்டை வேறு விதமாகவும் பாடலாம். நார்வேயை விட்டு வெளியே வாருங்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பியா என்ற ஊர். அங்கே வீவர் சகோதரர்கள் நடத்தும் உல்வ்ஸ் இன் தி த்ரோன் ரூம். பண்ணையில் வாழ்ந்து, விவசாயம் பார்த்துக்கொண்டு பிளாக் மெட்டல் வாசித்தவர்கள். 2007இல் வந்த 'டூ ஹண்டர்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு சுமார் 18 நிமிடம். பாறைகளுக்கும் வேர்களுக்கும் இடையே என் எலும்புகளைக் கிடத்துவேன் என்பதுதான் அதன் தலைப்பு. இம்மார்ட்டலின் ஆள் பனிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறான். இவர்களுடைய ஆள் கீழே படுக்கிறான். மண்ணில் மட்கிப்போவதை அவன் தோல்வியாக நினைக்கவில்லை. பண்ணைக்காரனுக்கு மட்குவது என்றால் உரம், அவ்வளவுதான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பனாப்டிகான். ஆஸ்டின் லன் என்ற ஒருவர் தனியாக நடத்துவது. 2012இல் வந்த 'கென்டக்கி' ஆல்பம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியது. பாஞ்சோவும் ஃபிடிலும் ஒலிக்கும் மலைநாட்டு இசை, அடுத்த நிமிடமே பிளாக் மெட்டல், நடுவே தொழிலாளர்கள் பேசும் ஒலிப்பதிவுகள். ஹார்லன் மாவட்டப் போராட்டத்தின்போது 1931இல் ஃபிளாரன்ஸ் ரீஸ் எழுதிய 'நீ எந்தப் பக்கம்' என்ற தொழிற்சங்கப் பாடலையும் அதில் பாடியிருக்கிறார். அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரிக்காக உச்சியை வெடிவைத்துத் தகர்த்து, இடிபாட்டைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டுவார்கள். ஓடை மூடிப்போகும். அந்த மலையை இழந்தவனின் துக்கம்தான் அங்கே உள்ளம் என்பது. அந்த மலையில் மனிதர்கள் இருக்கிறார்கள், நுரையீரலில் கரித்தூசியோடு இருக்கிறார்கள்.

கேள்விக்குறியின் கேள்விக்கு நல்ல பதில் கற்பனைப் பனி அல்ல, இதுதான். காடு யாருடையது என்று கேட்டால், அதில் உழைத்துச் செத்தவர்களின் பெயரைச் சொல்கிற வரிகள்.

கேள்விக்குறி எழுதியது:

இதை ஏற்கிறேன். ஆனால் பனாப்டிகான் விதிவிலக்கு. விதி இல்லை.

பனிச்சுவடு எழுதியது:

இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். விண்டிரின் பெயர் வராததால் எழுதுகிறேன்.

நார்வேயின் சோக்ன்டாலைச் சேர்ந்த டெர்யே பாக்கன், வால்ஃபார் என்ற பெயரில், 1994இல் தனி ஆளாகத் தொடங்கிய குழு. வரிகளைப் பெரும்பாலும் சோக்ன் வட்டார வழக்கிலேயே எழுதினார். தலைநகரத்துக்காரர்களே தடுமாறும் மொழி. 1997இல் வந்த முதல் ஆல்பத்துக்குத் தன் ஊரின் பழைய பெயரையே வைத்தார். 2001இல் வந்த ஆல்பத்தின் பெயர் வெறும் ஓர் எண்: '1184'. அந்த ஆண்டில் ஃபிம்ரைட்டே கடற்போர் நடந்தது, மன்னன் ஸ்வெர்ரேவின் படையோடு மோதிய மாக்னுஸ் எர்லிங்சன் மாண்டுபோனான். போர் நடந்த நீர்ப்பரப்பு அவருடைய ஊரிலேயே இருக்கிறது.

வடகாற்று கேட்டாரே, காட்டை நேசிக்கிறவனுக்குப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று. வால்ஃபாருக்குத் தெரிந்திருந்தது. அவர் மரத்தின் பெயர் சொல்லவில்லை. தன் ஊரின் பெயர்களை, அதன் தலைவர்களின் பெயர்களை, அங்கே செத்தவர்களின் பெயர்களைச் சொன்னார். மெட்டிலும் அந்தப் பகுதி நாட்டுப்புற இசையின் சாயல் தெளிவாகக் கேட்கும். அக்கார்டியன் வேறு. பிளாக் மெட்டலில் அக்கார்டியன் என்றால் சிரிப்பவர்கள் அந்த ஆல்பங்களைக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

2004 ஜனவரியில், மலையில் இருந்த தன் குடும்பத்தின் சிறு வீட்டுக்கு நடந்து போகப் புறப்பட்டார். பனிப்புயலில் சிக்கிக்கொண்டார். சில நாட்களுக்குப் பிறகு உடலை மீட்டார்கள். குளிரில் உடல் வெப்பம் இழந்து இறந்திருந்தார். வயது 25.

இதை எழுதக் காரணம், அவருடைய மரணத்தை ஒரு பாடல் வரிபோல ஆக்கிவிடுகிற ரசிகர்கள்மேல் எனக்கிருக்கும் கோபம். 'தான் பாடிய பனி அவரைத் தனக்குள் அழைத்துக்கொண்டது' என்று எழுதுகிறார்கள். அருவருப்பாக இருக்கிறது. ஒருவர் வீட்டுக்குப் போகும் வழியில் வானிலை கெட்டது. அந்தப் பனி எதற்கும் குறியீடாக விழவில்லை. ஊர்க்காரர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். குளிரைப் பற்றி ஊர் ஊராக உட்கார்ந்து விவாதிக்கும் நமக்குத்தான் தெரியவில்லை. பனி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற கேள்வியைக் கேட்கும்போது, வெளியே இருப்பது ஆளைக் கொல்லும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நிலவறை எழுதியது:

பனிச்சுவடு, நன்றி. 'பேர்க்டாட்' பற்றி நான் சொல்ல வந்ததும் அதற்குப் பக்கத்தில்தான். மலை ஆளை எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை, திரும்பி வராதவர்களை எண்ணி எண்ணிப் பிறந்தது.

தனிப்பாதை எழுதியது:

பனிச்சுவடு எழுதியதற்குப் பிறகு தத்துவம் பேசத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் இரண்டு மலையேறிகளைச் சொல்லியே ஆக வேண்டும். இருவரும் நார்வேக்காரர்கள், நண்பர்கள், தத்துவம் எழுதியவர்கள். ஒரே மலைகளில் ஏறி இரண்டு எதிரெதிர் முடிவுகளோடு இறங்கியவர்கள்.

மூத்தவர் சாப்ஃபே. 1933இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மனிதனின் தன்னுணர்வு தேவைக்கு மேல் வளர்ந்துவிட்ட உறுப்பு என்பது அதன் சாரம். பழங்காலத்தில் கொம்பு அளவுக்கு மீறிக் கனத்து, அந்தப் பாரத்தாலேயே அழிந்ததாகக் கருதப்பட்ட ஒரு மான் இனத்தை உதாரணம் காட்டினார். நமக்கு அந்தக் கொம்பு மண்டைக்குள் இருக்கிறது. உலகத்தில் பதில் இல்லாத கேள்விகளை அது கேட்டுக்கொண்டே இருக்கும். அதை அடக்கி வைக்கத்தான் மதம், குடும்பம், கேளிக்கை, கலை எல்லாம்.

இளையவர் ஆர்னே நேஸ். ஹாலிங்ஸ்கார்வெட் மலையில் ஒரு குடிலைக் கட்டிக்கொண்டு வாழ்நாளில் பல ஆண்டுகளை அங்கே கழித்தார். 1973இல் வெளியான கட்டுரையில் ஆழ்நிலைச் சூழலியல் என்ற கருத்தை முன்வைத்தார். காந்தியை ஆழ்ந்து படித்தவர். 'நான்' என்பதைத் தோலோடு நிறுத்தாமல் ஆறு, மலை, மற்ற உயிர்கள் வரைக்கும் விரிக்க வேண்டும் என்றார். அப்படி விரித்தவனுக்கு ஆற்றைக் காப்பது தியாகம் ஆகாது, தற்காப்பு. 1970இல் மார்டோலா அருவியை மின்திட்டத்துக்காகத் திருப்பியபோது போராட்டக்காரர்களோடு உட்கார்ந்து, போலீசார் தூக்கிக்கொண்டு போகும்வரை இருந்தார்.

அடர்வனம் சொன்ன அமெரிக்கக் குழுக்கள் நேஸ் பக்கம். 1990களின் நார்வேக் குழுக்கள், அவர்கள் யாரைப் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், சாப்ஃபே பக்கம். மண்டைக்குள் இருக்கும் கொம்பு வலிக்கிறது, உறையவைத்தால் வலி நிற்கும் என்று பாடினார்கள். சாப்ஃபே மட்டும் அதையும் ஒரு கேளிக்கை என்றுதான் வகைப்படுத்தியிருப்பார்.

வடகாற்று எழுதியது:

உறையவைத்தால் வலி நிற்கும். இதைத்தான் முதல் பதிவில் நான்கு பத்தியில் சொல்ல முயன்றேன், நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். ஆனால் வால்ஃபாரை எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்?

தனிப்பாதை எழுதியது:

எந்தப் பக்கத்திலும் வைக்க மாட்டேன். சாப்ஃபே, நேஸ் இருவருக்கும் 'நான்' என்பது பிரச்சினை. வால்ஃபாரின் வரிகளில் 'நாம்' இருக்கிறது. அது வேறு நோய், வேறு மருந்து.

கேள்விக்குறி எழுதியது:

அந்த 'நாம்' எங்கே போய் முடியும் என்ற என் பயம் அப்படியே இருக்கிறது. சோக்ன்டால் அளவில் இருக்கும்வரை சரி.

மணல்மேடு எழுதியது:

இவ்வளவு படித்தபிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. நார்வே மொழி தெரியாத, கத்தலுக்குப் பழகாத ஆள் எங்கே தொடங்குவது? காது பத்திரம்.

அடர்வனம் எழுதியது:

அகலாக். அமெரிக்காவின் போர்ட்லண்ட் குழு. 2002இல் வந்த 'தி மேன்டில்'. ஆங்கில வரிகள், பாதிக்கு மேல் அக்கூஸ்டிக் கிட்டார், கத்தல் குறைவு. தூய பிளாக் மெட்டல் அல்ல என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், பொருட்படுத்த வேண்டாம். பனியும் துக்கமும் கடவுளின் மரணமும் ஒரே நடையில் வரும். அது பிடித்தால் பிறகு 'கென்டக்கி'.

கருங்காக்கை எழுதியது:

அதன்பிறகு உக்ரைனின் டிருட்க். 2004இல் வந்த 'ஆட்டம் அரோரா'வைக் கேளுங்கள், இலையுதிர்காலக் காடு. 2005 ஆல்பத்துக்கு வரிகளைத் தாராஸ் ஷெவ்சென்கோவின் கவிதைகளிலிருந்து எடுத்தார்கள். கவிதையை முதலில் வாசித்துவிட்டுப் பாட்டுக்குப் போனால் சொல் கேட்கவில்லை என்ற குறை பாதி தீரும்.

வடகாற்று எழுதியது:

இங்கேதான் புதுச் சிக்கல். 19ஆம் நூற்றாண்டில் பண்ணையடிமையாகப் பிறந்த ஒரு கவிஞனின் 'நான்', 21ஆம் நூற்றாண்டு கார்கிவ் குழுவின் தொண்டையில் வந்தால் அது யாருடைய உள்ளம்? கருங்காக்கை, தனி இழை தொடங்குங்கள். இம்மார்ட்டலை இழுக்காமல் வாதிடுகிறேன்.

கருங்காக்கை எழுதியது:

வார இறுதியில் தொடங்குகிறேன். ஷெவ்சென்கோவின் எந்தக் கவிதைகள் என்று அதற்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.